பூட்டி வைத்த கீரிப்படை

ஞாயிறு இரவு, கிட்வாய் நகர்

பதினொரு வயது மீராவின் கையிலிருந்து, பாதி படித்த புத்தகத்தை இன்று பிடுங்கிக்கொண்டார்கள். எங்கள் காலனித் தமிழ் நூலகத்துக்கு நான் அலைந்து வாங்கிய கீரிப்படைச் சாகசக் கதை அது. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஆனாலும் கீரித் தளபதி பாம்புக் கோட்டைக்குள் நுழையும் இடம்வரை வந்துவிட்டாள்.

நூலகத்தை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் சுந்தரி அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பக்கத்துக்கு ஒரு வரி உள்ள முயல் படப்புத்தகத்தை நீட்டினாள்.

“டெல்லிப் பிள்ளைங்க மாமா, இவ்வளவு தமிழ் தாங்காது” என்றாள் என்னிடம்.

“ஆன்ட்டி, நான் என்ன சோட்டா பச்சாவா, சின்னக் குழந்தையா? இனிமே வரமாட்டேன்” என்று மீரா போய்விட்டாள்.

“பாத்தீங்களா, அவளுக்கே இஷ்டமில்ல” என்கிறாள் சுந்தரி!

தமிழ் குறைந்தால் வயதும் குறைந்துவிடுமா? முப்பது வயதில் நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். அன்று யாராவது முயல் படம் காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

நாளை சுந்தரி பூட்டைத் திறக்க வேண்டும். புத்தகத்தை அவளே மீரா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாம் பாகம் வாங்கச் சங்கத் தலைவர் சம்மதிக்க வேண்டும். தளபதி பிழைத்தானா என்று மீராவிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது, நான் உட்பட.