அர்த்தம் கேட்கக் கூடாத பாட்டுகள்

நேற்று டுசல்டோர்ஃபில் கண் வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தேன். கொலோனுக்கு ரயில் வர நேரம் கிடந்ததால் ஜப்பானியக் கடைகள் இருக்கும் தெருப்பக்கம் நடந்தேன். ஒரு கடைக்குள் சோயா சோஸ் போத்தலைக் கையில் எடுத்தபோது, மேலே ஒலிபெருக்கியில் உன்னுடைய பாட்டுத் தொடங்கியது. நீ மூச்சை இழுத்துப் பிடிக்கிற அந்த இடம் வருவதற்கு முன்பே போத்தலை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தபடியால் தெரு முழுக்க மங்கலாகத் தெரிந்தது. எதிரே வந்த ஒரு ஜெர்மன் கிழவர், எல்லாம் சரிதானா என்று கேட்டார். "ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன்.

நீ போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

அந்தத் தெருவில்தான் நீ இருபது வருடத்துக்கு மேலாகச் சமையலறையில் வேலை செய்தாய். உணவகத்தின் நிலவறையில், மெசின் இசையைப் போட வருகிறவர்கள் மைக்கில் பாடும் கரோக்கே அறை இருந்தது. ஐந்து வருடத்துக்கென்று கொம்பனி அனுப்பிவைத்த நடுத்தர வயது ஜப்பானியர்கள் வேலை முடிந்து அங்கே வருவார்கள். கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, தாங்கள் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். நீ சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி கழுவிக்கொண்டே கேட்டாய். கேட்டுக் கேட்டு, ஒரு பழைய டயறியில் தமிழ் எழுத்தில் எழுதி, நாற்பது பாட்டுகள் வரை பாடமாக்கி வைத்திருந்தாய்.

என்னை முதன்முதலாக அங்கே கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? "மாமாவைக் காட்டுறன், வாங்கோ" என்றாய். நானும் ஒரு மீசைக்காரரை எதிர்பார்த்துப் படியிறங்கினேன். எழுபது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண்மணி இடுப்பு மடிய வணங்கிக்கொண்டு நின்றார். அந்த இடத்து முதலாளியம்மாவை ஜப்பானியர் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில், எழும்ப ஏலாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

ஞாயிறு பகலில் கடை பூட்டியிருக்கும். மாமா எங்கள் இருவருக்கும் அறையைத் திறந்துவிட்டுத் தானும் வந்து உட்காருவார். அந்த மெசின் பாடுகிறவருக்குப் புள்ளியும் போடும். எனக்கு ஒருமுறை முப்பத்தெட்டுப் போட்டது. நீ மைக்கைப் பிடித்து அறிவித்தாய்: "ரீச்சர் பெயில்! நாளைக்குத் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." மாமாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த ஜப்பானியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பாட்டு இருக்கும். அவர் இருக்கும் சபையில் மற்றவர் அதைப் பாடுவதில்லை. உன் பாட்டை மாமா ஒருநாளும் தொட்டதில்லை. நான்தான் ஆசிரியப் புத்தியில் அரித்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு உருகிப் பாடுறாய். என்ன அர்த்தமெண்டு மாமாவிட்ட ஒருக்கால் கேளன்."

"அர்த்தம் கேக்கக் கூடாது ரீச்சர்."

"ஏன்?"

ஸ்டேஷனில் என் ரயில் வரும்வரை நின்றபோதுதான் சொன்னாய். உன் தம்பி கிணற்றடியில் குளிக்கும்போது றேடியோவை மதிலில் வைத்துவிட்டு, அதோடு கூடப் பாடுவானாம். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை குளித்துவிட்டுச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. எங்கே போனான், யார் கொண்டுபோனார்கள், இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"தமிழ்ப் பாட்டு எதைப் போட்டாலும் அவன் ஈரத் தலையோட வந்து நிக்கிறான் ரீச்சர். இந்த ஜப்பான் பாட்டுக்குள்ள எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. வெறும் வீடு மாதிரி. போய்க் கொஞ்ச நேரம் இருந்திட்டு வரலாம். அர்த்தம் தெரிஞ்சால் இதுக்குள்ளயும் ஆரும் வந்து குடியிருந்திடுவினம்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்த மனிதர்கள் தங்கள் ஊரை நினைக்கக் கண்ணை மூடினார்கள். நீ எதையும் நினைக்காமல் இருக்கக் கண்ணை மூடினாய். பாட்டு ஒன்றுதான்.

நான் இங்கே ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள். பெற்றோர் கூட்டங்களில் எப்போதும் ஒரே உதாரணம்தான் சொல்வேன். விளையாட்டிடத்தில் ஒரு பிள்ளை விழுகிறது. எத்தனை மொழி தெரிந்தாலும் 'அம்மா' என்றுதான் கத்தும். நோவுக்குத் தாய்மொழிதான் மருந்து என்பேன். உனக்கு அது சலித்துப்போயிருந்தது. "உங்கட விழுந்த பிள்ளை இன்னும் எழும்பேல்லையோ?" என்று நக்கலடிப்பாய்.

பிறகு உனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். வைகாசியில் சொன்னார்கள். ஆவணியில் வலி தணிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நானும் மாமாவும்தான் முறை வைத்து வந்தோம். விருப்பமான இசை ஏதாவது இருந்தால் நல்லது என்று தாதி சொன்னதும், மாமா ஒரு சின்ன சிடி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உன் பாட்டுகள் மெல்லமாக ஓடிக்கொண்டிருக்கும். அவர் உன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாய்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு தமிழ்ப் பெண் கடைசி மூச்சில் விளங்காத பாஷையைக் கேட்டுக்கொண்டு போவதா என்று நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை, மாமா வீட்டுக்குப் போன பிறகு, அந்தப் பெட்டியை நிறுத்தினேன். வீட்டில் இரண்டு நாள் இருந்து தெரிந்தெடுத்த பழைய தமிழ்ப் பாட்டுகளைப் போனில் போட்டேன். எங்கள் காலத்தில் வீட்டுக்கு வீடு றேடியோவில் கேட்டவை.

நீ கையைத் தூக்கினாய். விரல்கள் அசைந்தன. தாளம் போடுகிறாய் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன்.

உன் கண் ஓரத்தால் தண்ணீர் வழிந்தது. அதுவும் நல்லதற்கு என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்த தாதியிடம், பாருங்கள், தன் மொழி கேட்டதும் எப்படி இளகிவிட்டாள் என்று ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். உன் கை மறுபடி எழுந்து போனைத் தேடியபோதுதான், நிறுத்தச் சொல்கிறாய் என்று எனக்கு விளங்கியது. பதற்றத்தில் நிறுத்தத் தெரியவில்லை. கண்ணாடி பைக்குள் இருந்தது. பாட்டு முடியும்வரை ஓடியது.

"ஏன் ரீச்சர்?" என்றாய். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாய். சனிக்கிழமை விடிய நீ போய்விட்டாய். இடையில் ஒருவரோடும் பேசவில்லை. மாமா திரும்பவும் சிடியைப் போட்டுப் பார்த்தார். உன் முகத்தில் ஒரு மாற்றமும் வரவில்லை.

தகனத்துக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தாதியிடம் நான் சொன்ன கதை எப்படியோ பரவியிருந்தது. ஒரு அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்தில தமிழைக் கேக்க வைச்சிருக்கிறியள் ரீச்சர். உங்களாலதான் அவ நிம்மதியாப் போனவ" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். இப்போதும் தமிழ்ச் சங்கத்தில் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் இருக்கும்போதே சொல்கிறார்கள்.

ஸ்டேஷனில் நீ சொன்னதை நான் மறந்துபோய் அப்படிச் செய்யவில்லை. அதை உனக்கு எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. உனக்கு எது நல்லது என்று உன்னைவிட எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், 'நாளைக்குச் சொல்லுறன்' என்பேன். இரவு தேடிப் படித்துவிட்டு, மறுநாள் கட்டாயம் சொல்வேன். அன்று, "ஏன் ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக் கிடந்த உன் முதுகைப் பார்த்துக்கொண்டு உனக்கும் அதைத்தான் சொன்னேன்.