கடலோர மைதானத்தில் நான்கு குழி பாக்கி

9 ஜூன் 2024, ஞாயிறு

கறி எடுக்கப் போகவில்லை. ஜெயபாண்டிக்கு விழுங்கச் சிரமமாக இருக்கும்போது நான் மட்டும் சப்புக்கொட்டித் தின்று என்ன ஆகப்போகிறது. சோற்றைக் குழைத்து ரசம் விட்டுக் கொடுத்தேன். நேரில் ஒரு நாளும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை அவர் படம் பார்க்கட்டும் என்று போன மாதம் கேட்டு வாங்கி வந்தேன். அதில் யாரோ விட்டுப்போன பழைய கோல்ஃப் விளையாட்டு ஒன்று இருந்திருக்கிறது. மனுஷன் படத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். கோல்ஃப் மட்டையை இந்த ஜென்மத்தில் கண்ணால் பார்த்தவரில்லை. இந்த நரம்பு வியாதியில் கால் இரண்டும் போய், இடது கையும் போய், வலது கை ஆள்காட்டி விரல்தான் சொன்னபடி கேட்கிறது. இந்த விளையாட்டுக்கு அது போதுமாம். மவுஸை ஒரு தரம் அழுத்தினால் மட்டை தூக்கும், இரண்டாம் தரம் வேகம், மூன்றாம் தரம் திசை. எத்தனை குறைந்த அடியில் பந்து குழியில் விழுகிறதோ அத்தனை நல்லதாம்.

"இதுல யாரும் வெரசா வெரசான்னு வெரட்ட மாட்டேங்கிறாங்க புள்ள" என்கிறார். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் என்று விரட்டப்பட்டவர் அல்லவா.

கேமோடு வந்த மைதானங்கள் சலித்துவிட்டதாம். "இதுல வேற ஊரே கெடையாதா?"

13 ஜூன்

வேறு ஊர் இருக்கிறது. எத்தனையோ இருக்கிறது. இந்தப் பழைய விளையாட்டுக்கு வெளிநாட்டு ஆட்கள் உட்கார்ந்து புதுப்புது மைதானங்களை வரைந்து இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். வேறு வேலை இல்லாதவர்கள் என்று நினைத்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

ஒன்றை நெட்டிலிருந்து இறக்கி, கேம் இருக்கும் இடத்தில் அப்படியே காப்பி செய்து போட்டேன். கேம் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கென்று ஒரு இலவச டூல் இருக்கிறதாம். டக்ளஸ் என்று ஒருவர் அதை எழுதி, நெட்டில் அதற்கொரு பக்கமும் நடத்துகிறார். டூலைத் திறந்து, இறக்கிய மைதானத்தைக் காட்டி, 'சேர்' என்று அழுத்தினால் அதுவே உரிய இடத்தில் வைத்து, கேமின் காதில் போய்ப் பேரையும் சொல்லிவிடுகிறது. முதல் தரம் வேறு கேமுக்கான மைதானத்தை இறக்கிவிட்டு, வரலையே வரலையே என்று டூலைத் திட்டித் தீர்த்தேன். இவர் பின்னால் இருந்து, "அதத் திட்டி என்ன செய்ய, நீ என்னத்தப் போட்டேன்னு பாரு" என்றார்.

வந்துவிட்டது. பைன் மரக்காடு. பறவைச் சத்தம் வேறு. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

30 ஜூன்

வாரம் ஒரு மைதானம் என்று ஆகிவிட்டது. பாலைவனம் ஒன்று, பனிமலை ஒன்று. ஆபீஸ் விட்டு வந்ததும், "இன்னைக்கு எங்கிட்டுப் போறோம்?" என்று கேட்கிறார்.

வீட்டுக்கார நஞ்சம்மாள் பால் கொடுக்க வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க தம்பி, இத்தன புல்லுக் கெடக்குது, ஒரு மாடுங்கூட மேயக் காணமே. ஆரு ஊட்டுக் காடுங்க இது?" இவர் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் பயந்து முதுகைத் தடவ, அந்தம்மா பயந்து தண்ணீர் எடுக்க ஓட, அவர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

14 ஜூலை

கடலோரத்தில் ஒரு மைதானம் கிடைத்தது. பாறை, பாறைக்குக் கீழே கடல், அலைச் சத்தம். வந்ததிலிருந்து வேறு எதையும் தொடவில்லை.

இன்று மாலை சொன்னார். பேச்சு குழறுகிறது, நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். "இதுல பதினெட்டுக் குழி. ஒரு ரவுண்டு முழுசா என் கையால முடிக்கணும் புள்ள. வேற ஒண்ணும் கேக்கல."

இரண்டு குழி அடித்தால் விரல் ஓய்ந்துவிடுகிறது. பாதியில் சேமித்து வைத்து மறுநாள் தொடரலாம், அதனால் முடியும்தான். ஆனால் கால் போனது மாதிரி கையும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்போது என்று கேட்டேன், சொல்லவில்லை. எனக்கும் தெரிந்துகொள்ள தைரியம் இல்லை.

முடிங்க என்று சொன்னேன்.

28 ஜூலை

ஆறாவது குழி. நடுவில் விரல் நின்றுவிட்டது, நான் உதவப் போனேன். "தொடாத" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை.

11 ஆகஸ்ட்

பத்து முடிந்தது. இப்போது ஒரு நாளைக்கு ஒன்றே அதிகம்.

25 ஆகஸ்ட்

பதினாலு முடித்துவிட்டார். இன்னும் நான்குதான். விரலுக்கு ஐந்தாறு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு அடிக்கிறேன் என்கிறார், சுவரில் சாய்த்து வைத்த தலையணையில் ராஜா மாதிரி.

31 ஆகஸ்ட்

என் கையை ஒடிக்க வேண்டும்.

ஆபீசில் எனக்கு டாக்குமெண்ட் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் எந்த ஃபைலை அனுப்பினாலும், அது என்ன பேரில் வந்தாலும், முதல் காரியம் அந்த உடுப்புக்கு நாம் வைத்த ஸ்டைல் நம்பரைப் போட்டுப் பேர் மாற்றுவது. அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த நாள் அந்த ஃபைலைத் தேடி நாய் படாத பாடு படவேண்டும். இந்த ஊரில் எந்த ஆபீசில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கை தானாகச் செய்யும்.

இன்று மாலை அவர் கண்ணயர்ந்திருந்தார். மைதானங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பேர், நடுவில் கோடு, எண், கண்றாவி. எல்லாவற்றையும் JP-01, JP-02 என்று மாற்றினேன். டூலை ஓடவிட்டேன். பட்டியல் அழகாக வந்தது. சந்தோஷப்பட்டேன், மூதேவி.

அவர் எழுந்து, "பதினஞ்சு அடிப்போமா" என்றார். சேமித்த ரவுண்டை அழுத்தினேன். மைதானம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. கேம் மூடிக்கொண்டது.

திரும்பத் திரும்பத் திறந்தேன். டூலை அழித்து மறுபடி போட்டேன். பழைய பேரை வைக்கலாம் என்றால் எது எதுவாக இருந்தது என்று ஒன்றுகூட நினைவில்லை. அய்யோ, நான் என்னத்துக்கு அதைத் தொட்டேன், யாரு கேட்டா என்னை?

"விடு புள்ள" என்றார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பவும் அவரால் முடியாது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

1 செப்டம்பர்

டக்ளஸின் பக்கத்தில் கேள்வி எழுதினேன். புதியவர்கள் எழுதினால் நடத்துகிறவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியே தெரியுமாம். என் புருஷன் பதினாலு குழி முடித்த ரவுண்டு என்று, பையருக்கு எழுதும் இங்கிலீஷிலேயே எழுதினேன். கடைசியில் அர்ஜெண்ட் என்றும் போட்டேன்.

புதிதாக ஆரம்பிக்கலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"பதினாலு குழியத் திரும்ப எங்கிட்டுப் போயி அடிக்க."

8 செப்டம்பர்

பதில் இல்லை. இன்று அவருக்குப் பல் தேய்த்துவிடும்போது அந்த விரலைப் பார்த்தேன், முன்போல மடங்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

21 செப்டம்பர், சனி

பதில் வந்துவிட்டது. டக்ளஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாராம், தாமதத்துக்கு மன்னிப்பு என்று தொடங்கியிருந்தார். ரவுண்டு அழியவில்லை. அது மைதானத்தை அதன் பழைய பேரை வைத்துத்தான் தேடும். நீங்கள் பேர் வைத்ததை எடுத்துவிட்டு, அதே மைதானத்தை மறுபடி இறக்கி, பேரைத் தொடாமல் டூலில் சேருங்கள், இவ்வளவுதான் என்று எழுதியிருந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து செய்தேன். திறந்தது. பதினைந்தாம் குழி. பாறை மேல் பந்து அப்படியே இருக்கிறது, கீழே அலை அடிக்கிறது. நான் போட்ட கூச்சலில் நஞ்சம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

மவுஸை அவர் கைக்கடியில் வைத்தேன். விரல் அதன் மேல் இருந்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்தது. அழுந்தவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன், கையைத் தேய்த்துவிட்டேன், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். அழுந்தவில்லை.

மூன்று வாரம். நான் தின்றுவிட்ட மூன்று வாரம்.

22 செப்டம்பர்

அழுந்தவில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

இப்போது கண்தான் பேச்சு. மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை.

காலையில் என்னைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நானா?" என்றேன். மேலே பார்த்தார்.

"உங்க கையாலதான் முடிக்கணும்னு சொன்னீங்க. தொடாதன்னு வஞ்சீங்க. இப்ப நான் எப்படி அடிக்க? மாட்டேன் போங்க."

அடுப்படியில் போய் நின்று அழுதேன். குக்கர் சத்தத்தில் அழுதால் அவருக்குக் கேட்காது. திரும்பி வந்தால் கண்ணை எடுக்காமல் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் திறந்து என்னவோ சொல்ல முயன்றார். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். "நீ... அடி."

அடித்தேன். எப்போது அழுத்த வேண்டும் என்று அவர் கண்ணை மேலே தூக்கிக் காட்டுவார், நான் அவரைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்ப்பதற்குள் மட்டை இறங்கிவிடும். முதல் பந்து கடலுக்குள் போச்சு. இரண்டாவதும் போச்சு. மூன்றாவது பாறையில் பட்டு, நின்று, யோசித்து, பிறகு கடலுக்குள் போச்சு. அவர் தோள் குலுங்கியது. என்னமோ ஏதோ என்று பதறிப் பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, சத்தமே இல்லாமல். எனக்குக் கோபம் வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு. கடலில் மீன் செத்து மிதக்கப்போகிறது என்றேன்.

மதியம் கஞ்சி கொடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். பதினெட்டாம் குழியில் பந்து விழும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கைதட்டும் சத்தம் வந்தது. ஜெயபாண்டி என்று பேர் போட்டு மொத்தக் கணக்கும் காட்டியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை அணைக்கட்டுமா என்று கேட்டேன், கண்ணை மூடினார். அப்படியே விட்டுவிட்டு விளக்குப் போட எழுந்தேன்.

17 நவம்பர்

இன்று காலை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. மூச்சு.

எழுத வரலை.

8 டிசம்பர்

ஊரில் காரியமெல்லாம் முடித்துத் திரும்பினேன். நஞ்சம்மாள் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். "சோறு இங்க உண்ணு கண்ணு" என்றார். உண்டேன்.

4 பிப்ரவரி 2025

டக்ளஸிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. உங்கள் கணவர் அந்த ரவுண்டை முடித்தாரா, மொத்தம் எத்தனை அடி, சொன்னால் எங்கள் பக்கத்தில் இருக்கும் பட்டியலில் அவர் பேரைப் போடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்முன் பதில் எழுதினேன். செத்துப்போனதை எழுதவில்லை. முதலில் தமிழில் யோசித்துத்தான் இங்கிலீஷில் போட்டேன்:

முடித்தார். பதினாலு குழி அவர் கை, கடைசி நாலு நான் அடித்தது. மொத்தக் கணக்குப் பெரிதாக இருக்கும், ஆனால் கடலுக்குள் போன பந்தெல்லாம் என்னுடையது. அந்த அடிகளை அவர் பேரில் எழுத வேண்டாம்.