செத்தது ஆமைதான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் உயிரோடும் நலமாகவும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நேற்று அழுதுகொண்டே போன் செய்தாய், எடுத்தது அப்பாதான் என்று தெரிந்ததும் பேச்சு வராமல் வைத்துவிட்டாய், அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொன்னால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை எங்களை ஒரு மாயாஜாலப் படத்துக்கு இழுத்துப் போனாள். பறக்கிற குதிரை, பேசுகிற மலை, யார் எந்த நாட்டு ராஜா என்றே பிடிபடவில்லை, முதல் சண்டையிலேயே அப்பா குறட்டை. அந்த ஆமை மட்டும் இல்லாவிட்டால் நானும் எழுந்து வந்திருப்பேன். ஒரு நகரத்தையே முதுகில் சுமந்துகொண்டு கடலில் நீந்துகிற கிழட்டு ஆமை. மேலே இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கீழே ஒன்று மூச்சு வாங்குவது ஒருத்தருக்கும் தெரியாது. கரை வந்ததும் எல்லோரும் இறங்கி ஓடிவிடுகிறார்கள். அது கழுத்தை நீட்டி, கடைசி ஆளும் இறங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டுக் கண்ணை மூடுகிறது. நான் அழுத அழுகையில் முன் வரிசைக்காரர் திரும்பித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரிச் சலவை அறைக்கு ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி ஒரு வண்டி நிறைய வந்தது. அந்தக் குவியலைப் பார்த்ததும் ஆமை முதுகு ஞாபகம் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து, "என்னம்மா, வீட்ல ஏதாவது கெட்டதா?" என்று கேட்டார். படத்தில் ஆமை செத்துப்போச்சு என்று இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரி எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவைத்தேன், வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீதியை எங்கள் 'எஃப்.எம்.' பார்த்துக்கொண்டாள், கூட வேலை செய்கிறவள்தான், அவள் காதில் விழுந்தது ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிடும். ஃப்ரிட்ஜும் பீரோவும் மாடி மாடியாய்ச் சுமந்து அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று போன வாரம் நான்தான் சொல்லியிருந்தேன். அதையும் இதையும் முடிச்சுப் போட்டு அப்பாவை மேலே அனுப்பியே வைத்துவிட்டாள். தன் மகனுக்கு வேலை விசாரிக்க வாங்கிய உன் நம்பரும் அவளிடம் இருந்தது, உனக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் மலர்வளையத்தோடு பதினோரு பேர். கதவைத் திறந்தது அப்பா, முகம் முழுக்க ஷேவிங் நுரையோடு. எஃப்.எம். போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா மலர்வளையத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "யாருக்குங்க?" என்று கேட்டார் பார்! பிறகு எல்லோர் எதிரிலும் நான் ஆமைக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கூட வந்திருந்த சூப்பர்வைசர், "அந்த இடத்துல நானும் அழுதேம்மா" என்றார்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஆமை செத்ததுகூடப் பெரிதில்லை, இறங்கி ஓடினவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் என்னை அறுத்தது. உன்னைத்தான் நினைத்தேன். மூன்று வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்கிறாய். அப்படிப்பட்டவன் சேதி கேட்ட ஒரு மணி நேரத்தில் டிக்கெட் போட்டாயாம், உன் தங்கை சொன்னாள். அதைக் கேட்டு மறுபடியும் அழுதேன், இந்தத் தடவை ஆமைக்காக இல்லை. இப்போது அதைக் கேன்சல் செய்யப் போகிறாய் என்கிறாள். செய்யாதேடா. அப்பா வாய் திறந்து கூப்பிட மாட்டார், உனக்குத் தெரியும். இன்று காலை அந்த மலர்வளையம் வாடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "ஆள் போனாதான் லீவு குடுப்பாங்களாமா?" என்று என்னைக் கேட்டார்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வரும்போது அப்பாவுக்கு இடுப்பில் கட்டுகிற பெல்ட் ஒன்று வாங்கி வா, பெரிய சைஸ். நீ நம்புவதற்காகக் கீழே அவரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

இருக்கேன். வா.
அப்பா