மழை என்றால் முதல் பட்டியல்

பான், ஜெர்மனி, 10 மார்ச் 2014

அன்புள்ள வீட்ஸ்கேவுக்கு,

நலம் என்று எழுதப் போனேன், பொய். போனில் பேசினால் குரல் நடுங்கும், அதனால் நம் பழைய வழக்கப்படி கடிதம்.

நாங்கள் எடை போடும் விண்மீன் திரள்களின் கூட்டம், பின்னாலிருக்கும் திரள்களின் ஒளியை எவ்வளவு வளைக்கிறதென்று அளந்துவிட்டோம். எடை கூடினால் வளைவும் கூடும். ஆசைப்பட்ட விடையையே கண்டுவிடக் கூடாதென்று, எங்கள் அளவுகளை நீதான் மூன்று பட்டியலாக்கினாய். ஒன்று நிஜம், மற்ற இரண்டில் கலப்படம். எது நிஜமென்ற சீட்டு உன் மேசையில், ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. ஏப்ரலில்தான் திறப்பார்கள்.

முதல் பட்டியல் நிஜமானால் நான் முன்பு வெளியிட்ட எடை சரி. மூன்றாவதானால் அதில் பாதிகூட இல்லை. மே மாதத்தோடு முடியும் என் வேலையை யார் நீட்டிப்பார்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

எது நிஜமென்று நேரே சொல்ல வேண்டாம், பதிலில் வானிலையை மட்டும் எழுது. மழை என்றால் முதல் பட்டியல், வெயில் இரண்டாவது, மூட்டம் மூன்றாவது. கோபித்துக்கொள்ளாதே.

உன் ஷூர்ட்

லைடன், நெதர்லாந்து, 10 மார்ச்

அன்பு ஷூர்டுக்கு,

ஒரு மாதமாக ஒரு வரி இல்லை, சோம்பேறி. இங்கே நான்கு நாளாக மழை. சைக்கிள் சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டித்தான் வேலைக்குப் போகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

வீட்ஸ்கே

பான், 14 மார்ச்

என் அருமை வீட்ஸ்கே,

மழை! நான்கு நாள் என்று அழுத்தியும் சொல்லிவிட்டாய். மற்ற இரண்டு பட்டியல்களையும் மூடி வைத்துவிட்டேன். மங்கலான ஒரு வானப்பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கியதும் முதல் பட்டியல் என் பழைய எடையோடு இன்னும் அழகாகப் பொருந்தியது. "என்னப்பா திடீர்னு இவ்வளவு தெம்பு? உறையைப் பிரிச்சுப் பாத்துட்டியா?" என்று எங்கள் தலைவி குட்ரூன் கிண்டல் செய்தார். சிரித்து வைத்தேன். இந்த உதவியை மறக்க மாட்டேன்.

ஷூர்ட்

லைடன், 19 மார்ச்

ஷூர்ட்,

உன் முதல் கடிதத்துக்குக் கோபத்தில் பதில் போடாமல் இருந்துவிட்டேன். அது என் தவறு. நான் மழையைப் பற்றி எழுதியது அது கைக்கு வருமுன்பே. தேதியைப் பார்க்கவில்லையா? மயிரிழை வளைவை அளக்கிறவன் நீ.

உறைக்குள் இருப்பது எனக்கே தெரியாது. எந்தப் பட்டியலில் நிஜத்தை வைப்பதென்று தேர்ந்தது கணினி. அச்சுப்பொறியிலிருந்து கவிழ்ந்து வந்த சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே மடித்து உறையிலிட்டு ஒட்டினேன். நீ கேட்டால் என்னால் மறுக்க முடியாதென்று அன்றே பயந்தேன்.

நீக்கியதைத் திரும்பச் சேர். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் குட்ரூனிடம் நீயே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் உறையோடு உன் கடிதங்களையும் அவருக்கு அனுப்புவேன். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுத மாட்டாய். பதினைந்து வருடச் சிநேகிதம், நினைத்தாலே அழுகை வருகிறது. ஆனாலும் அனுப்புவேன்.

அன்று இங்கே மழைதான் பெய்தது, ஷூர்ட். வேறொன்றுமில்லை.

வீட்ஸ்கே