அழுத்தியும் வலிக்காத இடம்

என்னங்க,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சாவி மாடி வீட்டில். நானும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அவள் கூப்பிட்ட வண்டி வரும்வரை இதை எழுதுகிறேன். உங்கள் போன் அணைந்திருக்கிறது. ஆபீஸில் யாருக்கோ தசையைப் பற்றி வகுப்பு எடுக்கிறீர்கள் போலிருக்கிறது.

சனி ஞாயிறு மசாஜ் பயிற்சிக்குப் போய்வந்து, சான்றிதழைக் கூடத்தில் மாட்டியதிலிருந்து நீங்கள் என்னை மனைவியாகப் பார்ப்பதில்லை, தசையாகத்தான் பார்க்கிறீர்கள். இடது கை வலிக்கிறது என்றேன். "கை சும்மா நடிக்குது. ட்ரிகர் பாயின்ட், அதான் வலி கிளம்புற முடிச்சு, தோள்பட்டைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு" என்று தினமும் முழங்கையால் அழுத்தினீர்கள். உங்கள் அண்ணனுக்கு அழுத்தியபோது, அழுத்திய இடம் வலித்து "ஐயோ" என்று கத்தினார். அப்புறம் அவருடைய பழைய கழுத்துவலி விட்டது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கோ அழுத்தும் இடத்தில் வலிக்கவே இல்லை. சொன்னதற்கு, "உன் உடம்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றீர்கள்.

இன்று படி ஏறும்போது வலி தாடைவரை வந்தது, குப்பென்று வியர்த்தது. உட்கார்ந்தால் குறைகிறது, எழுந்தால் வருகிறது. போனில் டாக்டரம்மா, "யாரும் அழுத்த வேணாம். நடக்காதீங்க, உடனே வாங்க" என்றார். உங்களைப் போல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் உங்கள் மேனேஜர் மசாஜுக்கு வருவார். அவருக்கும் இடது கையில்தான் வலியாம். தொடாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வண்டி வந்துவிட்டது.

பி.கு.: அந்த மசாஜ் பந்துகளைப் பையில் போடாதீர்கள். வெறும் கையோடு வாருங்கள். எனக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்.