ஒரே கல்லுக்கு ஊற்றிய பால்

அக்கா,

லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பெரிய துரை வருகிறாராம். கரைத்து வைத்த தகரத்திலிருந்து அந்த வாடை மூக்கில் ஏறியதும் குழி நினைவுக்கு வந்துவிட்டது. உன்னை இறக்கியபோது நான் அங்கே இல்லை. அதே விஷக் காய்ச்சல் என்னையும் பாயில் கிடத்தியிருந்தது. எழுந்து போனபோது, தோட்டத்தில் செத்தவர்களையெல்லாம் ஒரே குழியில் இட்டு மூடியிருந்தார்கள். மண்ணின் மேல் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது.

தலைமாட்டில் பால் ஊற்ற வேண்டும். எது உன் தலைமாடு? தூக்கிப் போனவர்களில் மிஞ்சியவர் காத்தமுத்து அண்ணன் மட்டும்தான். அவரைக் கேட்டேன். ஆற்றுப் பக்கம் கிடந்த கருங்கல்லைக் காட்டினார். "அந்தக் கல்லுக்கு நேராத்தான் வச்சோம், தம்பி."

ஆடி அமாவாசைக்குச் செம்போடு போனால், அங்கே செல்லாயி நிற்கிறாள். தோட்டத்தில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் அதே கல்லுக்குக் கீழே கிடக்கிறானாம். பிள்ளையில்லாதவள், தானே பால் கொண்டுவந்திருந்தாள்.

"இது எங்க அக்கா கெடக்கிற எடம்."

"ஒங்க அக்கா உசுரோட இருந்தப்பவே என் நெரையப் புடுங்குனவ. செத்தும் விடமாட்டாளா?"

எனக்குக் கோபம் வந்தது; சிரிப்பும் வந்தது. அவள் சொன்னது பொய்யில்லையே! கொழுந்து மலையில் முந்திப் போய் நல்ல தேயிலை நெரையில் நின்றுகொள்வாய். கங்காணி கத்தினாலும் நகரமாட்டாய். "விட்டுக் குடுத்தவ கூடை நெறையாதுடா" என்பாய்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வருஷா வருஷம் இதே கூத்து. கடைசியில் காத்தமுத்து அண்ணனையே இழுத்து வந்தோம். மனுஷன் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு எங்க தெரியும்? ரெண்டு பேரும் அழுதுகிட்டு வந்து கேட்டீங்க. கண்ணுல பட்ட கல்லக் காட்டுனேன்."

செல்லாயி அவரைத் திட்டித் தீர்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. வேறு இடம் தேடவும் தோன்றவில்லை. மறு வருஷமும் இருவரும் அதே கல்லுக்குத்தான் வந்தோம். சண்டைதான் இல்லை.

இந்த மாசியில் அவளும் போய்விட்டாள். அவளுக்குத் தனிக் குழி கிடைத்தது. தலைமாட்டில் லயத்துப் பெண்கள் செம்பருத்தி நட்டிருக்கிறார்கள். அவள் புருஷனுக்குத்தான் இனி ஆளில்லை.

ஆடி அமாவாசையன்று உனக்கு ஊற்றிவிட்டு, செம்பில் பாதியை மிச்சம் வைத்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் போய், அவன் பெயரைச் சொல்லி ஊற்றினேன். நீ இருந்தால் கத்தியிருப்பாய். கத்து, அக்கா. கத்தினாலாவது நீ எங்கே கிடக்கிறாய் என்று தெரியும்.