தொட்டுக்கோ, ஒண்ணும் பண்ணாது

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

முதலாளி வீட்டு நாயைத் தினமும் நடத்திக் கூட்டிப்போகிறேன் அல்லவா? எதிரே குழந்தை வந்தால் கயிற்றைச் சுருக்கி, நாயை உட்காரவைக்க வேண்டும். குழந்தை கேட்டால்தான் தொடவிட வேண்டும். நேற்றுப் பூங்காவில், ஆளில்லாத ஊஞ்சலருகே நாய் தானாகவே உட்கார்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில், "தொட்டுக்கோ கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்றேன். அதன் காது மெல்ல மடங்கியது. காற்றே இல்லை.

திரும்பும்போது நாய், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை நடக்க இடம் விட்டே வந்தது, என் அறை வாசல்வரை. நீ பயப்படாதே, எனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். யாராவது இங்கே வந்தால், பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன செருப்பு ஒரு ஜோடி கொடுத்துவிடு. அறையில் தரை ரொம்பச் சில்லென்று இருக்கிறது.